கம்பளம் ஒட்டிய அறை

அவனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது அக்காவின் கணவர்தான். ஒருமுறை திருகிவிட்டால் தானாக நிற்காது என்பது அவர் சொன்ன காரணம். மின்விசிறி ஏன் கிறீச்சிடுகிறது என்று யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் தொலைந்தார்கள். விசிறியில் ஆரம்பித்து, காற்று, காது, காதுக்குள் இருக்கும் சவ்வு என்று அரைமணி நேரம் போய்விடும். கேட்டவர் நைசாக நழுவியிருப்பார். அவன் எதிரே இருக்கிற சுவருக்குச் சொல்லி முடிப்பான்.

பாடப்புத்தக ஒலிப்பதிவுகளைச் செப்பனிடுவது அவன் பிழைப்பு. வாசிப்பவர்களின் இருமலையும் மூச்சிரைப்பையும் வெட்டி எடுத்து, விட்டுப்போன இடத்தை ஒட்டி, அனுப்பிவைப்பான். மாடியில் ஒற்றை அறையில் அவன் இருந்தான். கீழே அக்காவும் மாமாவும். மாமாவுக்கு பேக்கரியில் அடுப்படி வேலை. அக்கா திரைச்சீலைக்கும் சோபாவுக்கும் உறை தைப்பாள். ஜன்னலோரம் அவள் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும்.

மெஷினோடு சேர்ந்து அவள் பாட்டும் ஓடும். பள்ளிக்கூடத்தில் மேடையேறிப் பாடியவள். பிறகு வீடு, வேலை என்று ஆனதில் பாட்டு சுருங்கிச் சுருங்கி முணுமுணுப்பாகிவிட்டது. வார்த்தை இருக்காது. நேர்த்தையலுக்கு நீளமாக ஒரு இழுப்பு, மூலை திரும்பும்போது ஒரு சின்ன வளைவு, நூல் அறுந்தால் பாட்டும் அறுந்துவிடும். படிக்கட்டு வழியாக மேலே வரும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டேதான் ரேடியோ பிறர் இருமலை வெட்டுவான். தனியாக அதைக் கவனித்ததில்லை. வீட்டின் சத்தங்களில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

அவனோடு முன்பு வேலை பார்த்த ஓர் அம்மாள் இப்போது குழந்தைகளுக்குப் பாட்டு அமைத்துக்கொண்டிருந்தார். ஒரு தாலாட்டுக்குக் குரல் தேடுவதாக ஒருநாள் போன் செய்தார். தேர்ந்த பாடகி வேண்டாம், கை ஒரு வேலையில் இருக்க வாய் பாடுகிற மாதிரி ஒரு குரல் வேண்டும் என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கீழே மெஷின் ஓட ஆரம்பித்தது. ரேடியோ போனைப் படிக்கட்டுப் பக்கம் நீட்டிப் பிடித்தான்.

"யாருப்பா அது?" என்றார் அந்த அம்மாள்.

அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் வாயில் குண்டூசி இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தி முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"போடா. வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?"

"அவங்க கேக்குறதே இந்தக் குரலைத்தான்க்கா."

"நான் பாடி எவ்ளோ வருஷம் ஆச்சு? புள்ளை தூங்கறதுக்குப் பதிலா எந்திரிச்சு அழும்."

"என்னைத் தூங்க வெச்சுடுறியே தினமும்," என்றார் மாமா, பேக்கரியிலிருந்து வந்து சட்டையில் மாவோடு சாய்ந்திருந்தவர்.

"உங்களைத் தூங்க வைக்கப் பாட்டு எதுக்கு? ஒரு சுவர் போதும்."

மறுத்தாளே தவிர, அன்று முழுக்க அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. நாலைந்து நாள் இழுத்தடித்துவிட்டு, தானாகவே மாடிப்படியில் பாதி வரை ஏறிவந்து சொன்னாள்: "ரூமை முதல்ல சரி பண்ணு. அப்புறம் பாக்கலாம்."

அறை உண்மையிலேயே மோசம். நாலு வெறுஞ்சுவர், ஓடு பதித்த தரை, தட்டையான கூரை. நடுவில் நின்று ஒருமுறை கை தட்டினால், தட்டிய சத்தம் இரண்டு சுவருக்கும் நடுவே பந்து மாதிரி அடிபட்டு "டர்ர்ர்" என்று நடுங்கித்தான் ஓயும். அப்படிப்பட்ட அறையில் பதிவு செய்தால் குரலோடு சுவரும் பேசும்.

செய்தி தெரிந்த அன்றே மாமா ஒரு அடுக்கு முட்டை அட்டைகளைத் தோளில் சுமந்துகொண்டு மூச்சு வாங்க மேலே வந்தார்.

"மாப்ளே, பேக்கரியில மலை மாதிரி கிடக்கு. காசே இல்லை. ஒட்டு."

"மாமா, இது எதுக்கும் ஆகாது."

"என்னடா இப்படிச் சொல்லிட்ட? எல்லாரும் இதைத்தானே ஒட்டறாங்க?"

அவ்வளவு போதும், ரேடியோவைத் திருகியாகிவிட்டது. வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுப்பது ஒரு வேலை, உள்ளே இருக்கிற சத்தம் சுவரில் மோதித் திரும்பாமல் பார்ப்பது வேறு வேலை என்று ஆரம்பித்தான். முதலாவதற்குக் கனம் வேண்டும். கனமான சுவர், இடுக்கில்லாத கதவு. இரண்டாவதற்குத் தடிமனான பஞ்சு வேண்டும். ஒலி என்பது காற்று முன்னும் பின்னும் அசைவதுதான். அந்த அசைவு பஞ்சின் இழைகளுக்குள் புகுந்து, உரசி உரசிக் களைத்து, ஒரு துளிச் சூடாக மாறி அடங்கிவிடும். முட்டை அட்டையில் கனமும் இல்லை, தடிமனும் இல்லை. "ச்ச்" "ஸ்ஸ்" மாதிரி மெல்லிய சத்தத்தில் கொஞ்சத்தைத் தின்னும், மற்றதை அப்படியே விட்டுவிடும்.

"சுருக்கமா, திருப்பி எடுத்துட்டுப் போன்னு சொல்ற," என்றார் மாமா.

குளிர்சாதனக் கிடங்கு ஒன்றைக் கட்டி முடித்த ஒப்பந்தக்காரரிடம் மீந்த ராக்வூல் பலகைகள் இருந்தன. பாறையை உருக்கிப் பஞ்சாக நூற்றுப் பலகையாக அழுத்தியது. தொட்டால் அரிக்கும். இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்ததால் அள்ளிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். பழைய கட்டில் சட்டங்களை அறுத்து ரேடியோ மரச்சட்டம் அடித்தான். உறைத் துணி அக்காவின் பொறுப்பு.

"எந்தத் துணி வேணும்?"

"வாயில வெச்சு ஊதிப் பாருக்கா. மூச்சு அந்தப் பக்கம் போச்சுன்னா சத்தமும் போகும். போகலைன்னா சத்தம் துணியிலயே பட்டுத் திரும்பிடும்."

அக்கா தன் துண்டுத்துணி மூட்டையைக் கவிழ்த்து, ஒவ்வொரு துணியாக உதட்டில் வைத்து ஊதினாள். திரைச்சீலையில் மிஞ்சிய சாம்பல் நிறத் துணி தேறியது. சோபாவுக்குப் போடுகிற மூலை மடிப்பையே இதற்கும் போட்டு, சுருக்கம் விழாமல் இழுத்துத் தைத்தாள். கடையில் வாங்கினாலும் அப்படி அமைந்திருக்காது.

எங்கே மாட்டுவது என்பதற்கு ஒரு கண்ணாடி போதும். மைக் நிற்கப்போகும் இடத்தில் ரேடியோ தன் முகத்தை வைத்துக்கொண்டான். பாடுகிற இடத்தில் மாமாவை நிறுத்தினான். அக்கா முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி மெதுவாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கண்ணாடியில் மாமாவின் முகம் அவனுக்கு எங்கே தெரிகிறதோ, அந்த இடத்தில் பட்டுத்தான் அவர் குரல் மைக்குக்குத் திரும்பிவரும். வெளிச்சம் திரும்புகிற மாதிரியேதான் ஒலியும் திரும்பும்.

"தெரியுதா?" என்றாள் அக்கா.

"நகர்த்து… நகர்த்து… நில்லு! மாமா மீசை தெரியுது."

"இத்தனை வருஷமா நான் தினம் பாக்குறேன், எனக்கு யாரும் பலகை மாட்டித் தரலையே."

சிரித்ததில் கண்ணாடி நழுவி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

பலகைகளைச் சுவரோடு ஒட்டாமல், பின்னால் ஒரு சாண் இடைவெளி விட்டு மாட்டினார்கள். சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசையவே முடியாது. சற்றுத் தள்ளித்தான் அசையும். அசைகிற இடத்தில்தான் பஞ்சு இருக்க வேண்டும். இரண்டு பக்கச் சுவர், பாடுகிற ஆளுக்கு முதுகுப்புறம், தலைக்கு மேலே, கனத்த சத்தம் போய் ஒதுங்குகிற மூலைகள். அத்தோடு பலகைகள் தீர்ந்தன. ரேடியோ கை தட்டினான். "டப்." நடுக்கம் இல்லை. தட்டிய சத்தத்துக்குப் பின்னால் மெல்லிசாக, சட்டென்று மறைகிற எதிரொலியின் ஈரம் மட்டும் இருந்தது.

கடைசிப் பலகையின் ஓரத்தைச் சரிசெய்யும்போது, ஸ்டூல் மேல் நின்றபடியே அக்கா அந்தத் தாலாட்டை எடுத்தாள். மாதிரிப் பதிவை அந்த அம்மாள் முன்னமே அனுப்பியிருந்தார். அவள் பாடுகிறோம் என்று நினைத்துப் பாடவில்லை. கை துணியை நீவிக்கொண்டிருந்தது. குரல் தன்பாட்டுக்கு வந்தது. கீழே மெஷின் சத்தத்துக்கு அடியில் கேட்ட குரல், இப்போது வார்த்தையோடு, தெளிவாக, அறை முழுக்க.

"பாத்தியாக்கா?" என்று துள்ளினான் ரேடியோ. "இப்ப உன் குரல்தான் முதல்ல வருது. சுவர் அப்புறம்தான் வருது. முன்னாடி ரெண்டும் ஒண்ணா வந்துக்கிட்டு இருந்துச்சு. ஏன்னா…"

அக்கா பாட்டை நிறுத்திவிட்டு அவன் சொல்வதைக் கேட்டாள். அவள் எப்போதும் கேட்பாள். வீட்டில் அவனை முழுதாகக் கேட்கிற ஒரே ஆள் அவள்தான்.

மைக் அங்கேயே இருந்தது. பொத்தானை அழுத்தியிருக்கலாம். அன்றைக்கு அது அவனுக்குத் தோன்றவே இல்லை. இவ்வளவு செய்ததற்கே இவ்வளவு பலன் என்றால், இன்னும் செய்தால் எப்படி இருக்கும் என்றுதான் ஓடியது புத்தி.

மூடப்போகிற ஓர் அலுவலகத்தில் தரைக் கம்பளத்தைச் சுருட்டி வெளியே போட்டிருந்தார்கள். கேட்டதும் கொடுத்தார்கள். மெல்லிய கம்பளம். பலகை இல்லாத சுவர், கதவு, கூரையில் மிச்சமிருந்த இடம் என்று ஓர் அங்குலம் விடாமல் பசை தடவி ஒட்டினான். தரையிலும் இரட்டையாக விரித்தான். மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ளே, கரடி குகை மாதிரி இருக்கு," என்றார். ரேடியோ கை தட்டினான். ஒன்றுமே திரும்பவில்லை. தட்டினோமா என்றே சந்தேகமாக இருந்தது. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

முட்டை அட்டையைப் பற்றி மாமாவுக்கு அவ்வளவு வகுப்பெடுத்தவன், மெல்லிய கம்பளமும் அதே வேலையைத்தான் செய்யும் என்பதை யோசிக்கவில்லை. குரலின் மினுமினுப்பை மட்டும் அது தின்றுவிடும். கனத்தை விட்டுவிடும். மிஞ்சுவது போர்வைக்குள் பேசுகிற மாதிரியான ஒரு புழுக்கம்.

பதிவு நாளன்று காலையிலேயே அக்கா தயாராகிவிட்டாள். வெளியே போகும்போது உடுத்துகிற துணியை உடுத்தியிருந்தாள்.

"மைக்குக்குக் கண்ணு கிடையாதும்மா," என்றார் மாமா.

"உங்களுக்கு இருக்குல்ல, அது போதும். வேலைக்குக் கிளம்புங்க."

அறைக்குள் வந்ததும் அவள் தோளைக் குலுக்கிக்கொண்டாள். "காது அடைச்ச மாதிரி இருக்குடா."

"அதுதான்க்கா ஸ்டூடியோ," என்றான்.

ஹெட்போனை மாட்டிவிட்டான். ஒரு துளி எதிரொலிகூடச் சேர்க்காமல் அவள் குரலை அப்படியே அவள் காதுக்கு அனுப்பினான். சுத்தமாக இருக்கட்டும் என்று. அவள் முன்னால் கணினித் திரை இருந்தது. பாட வேண்டிய ஸ்வரங்கள் சாம்பல் நிறத்தில், அவள் பாடுவது பச்சைக் கோடாக அதன்மேல்.

அக்கா முதல் வரியைப் பாடினாள். பாதியிலேயே புருவம் சுருங்கியது. ஹெட்போனைக் கையால் அழுத்திக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். எப்போதையும்விடச் சத்தமாகப் பாடினாள். திரும்பிவராத குரலைத் தேடி, இன்னும் கொஞ்சம் தள்ளினாள். தள்ளத் தள்ள ஸ்வரம் கீழே வழுக்கியது.

"கொஞ்சம் இறங்குதுக்கா."

"அப்படியா?"

"கோட்டைப் பாரு. சாம்பலுக்குக் கீழ போகுதுல்ல, பச்சை?"

பார்த்தாள். திரும்பப் பாடினாள். அவன் திரும்பக் காட்டினான். கோபமில்லாமல், பொறுமையாக, எந்த எழுத்தில் ஆரம்பித்து எவ்வளவு இறங்குகிறது என்று விரல் வைத்து விளக்கினான். எதையும் ஏன் என்று தெரிந்துகொண்டால் சரிசெய்துவிடலாம் என்பது அவன் நம்பிக்கை. அக்காவின் குரல் ஒவ்வொரு தடவையும் இன்னும் மெலிந்தது. கடைசியில் அவள் தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு, ஹெட்போனைக் கழற்றி, ஒயரை அழகாகச் சுற்றி மேசைமேல் வைத்தாள்.

"தொண்டை போயிடுச்சுடா. நானே நினைச்சேன். விடு."

"நாளைக்குப் பாக்கலாமா?"

"வேணாம்பா. ஒரு ஆர்டர் பாக்கி இருக்கு."

மறுநாள் கீழே மெஷின் ஓடியது. மெஷின் மட்டும். ரேடியோவுக்கு வேலையில் மனம் ஒட்டாமல் போனதற்குக் காரணம் என்னவென்று அவனுக்கே பிடிபடச் சில நாட்களாயின. எழுந்து படிக்கட்டு வரை வந்து நின்று கேட்டபோதுதான் தெரிந்தது. நேர்த்தையல் தனியாகப் போனது. மூலை தனியாகத் திரும்பியது.

தாலாட்டு அம்மாளிடம் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவைத்தான்.

வெயில் ஏறின காலத்தில் கம்பளத்தின் பசை விட்டுப்போயிற்று. ஒருநாள் அவன் வந்து பார்த்தபோது முன்சுவரிலிருந்து மொத்தமும் உரிந்து தரையில் தோல் மாதிரிக் கிடந்தது. அதைச் சுருட்டிக்கொண்டே, போனில் யாரிடமோ "ஆமாங்க, அனுப்பிட்டேன்" என்றான். தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. நிறுத்தினான். இன்னொரு முறை "ஆமாங்க" என்றான். வெறுஞ்சுவரில் பட்டு, லேசாக, பக்கத்தில் யாரோ ஆமோதிக்கிற மாதிரி குரல் திரும்பி வந்தது.

அவன் சுருளைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

பாடுகிறவர் தன் குரலைத் தொண்டையால் அளப்பதில்லை. காதால் அளக்கிறார். வாயிலிருந்து போனது சுவரைத் தொட்டுக் காதுக்கு வந்தால்தான், எங்கே நிற்கிறோம் என்று தெரியும். இருட்டில் நடக்கிறவர் சுவரைத் தடவிக்கொண்டு போகிற மாதிரி. அக்காவிடமிருந்து அவன் எல்லாச் சுவரையும் எடுத்துவிட்டான். எடுத்துவிட்டு, தடுமாறுகிறாய் பார் என்று விரல் வைத்துக் காட்டினான். அதுவும் பொறுமையாக.

மிச்சக் கம்பளத்தை அன்றே உரித்தான். பலகைகளை மட்டும் விட்டுவைத்தான். முன்சுவரில் ஒலி சிதறிப் போகட்டும் என்று மரச்சட்டங்களை ஏற்ற இறக்கமாக அடித்தான். அக்கா ஸ்டூல் மேல் நின்று பாடிய அன்று இருந்த மாதிரி அறை ஆயிற்று. அதைவிட நன்றாகவே ஆயிற்று. தாலாட்டு அம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டான். வேறொரு பெண் பாடியது மனசுக்குப் பிடிக்காமல் அப்படியே கிடப்பில் இருப்பதாகச் சொன்னார். பிறகு கீழே இறங்கிப் போனான்.

அக்கா நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னைக்குத் தப்பு உன் மேல இல்ல. ரூம் மேல. நான்தான் கெடுத்தேன்."

ஆரம்பத்திலிருந்து சொன்னான். சுவர், காது, கம்பளம், ஹெட்போன். அவள் வழக்கம்போல முழுதாகக் கேட்டாள்.

"சரி. அன்னைக்குக் கோடு கீழ போச்சா இல்லையா?"

"போச்சு. ஆனா…"

"கோடு பொய்யா?"

"பொய் இல்லக்கா. கோடு நிஜம். அதுக்குக் காரணம்தான்…"

"பாத்தியா." அவள் துணியை மெஷின் ஊசிக்கு அடியில் வைத்தாள். "நீ சின்னப் புள்ளையிலேர்ந்து எனக்காகக்கூட ஒரு பொய் சொன்னதில்ல. அதனாலதான் அன்னைக்கு நீ சொன்னதும் நம்பிட்டேன். இப்ப என்னைத் தேத்தறதுக்குச் சொல்ற. அது தெரியாதா எனக்கு?"

"தேத்தலைக்கா. சத்தியமா."

"அட, எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லடா. வயசாச்சு, குரல் போச்சு. கண்ணும்தான் போகுது, கண்ணாடி போட்டுக்கலையா?"

விளக்கிப் புரியவைக்க முடியாத ஒன்று அவன் வாழ்க்கையில் அதுவரை வந்ததில்லை. வேறு வார்த்தையில் சொல்லிப் பார்த்தான். உதாரணம் மாற்றிச் சொல்லிப் பார்த்தான். ஒவ்வொரு விளக்கமும் அவளுக்கு இன்னொரு சமாதானமாகவே போய்ச் சேர்ந்தது. கடைசியில், ஒரே ஒரு தடவை மேலே வா என்று கெஞ்சினான். மாமாவும், "போயேன், புள்ளை முகம் செத்துக் கிடக்கு," என்றார். அவருக்காகவோ இவனுக்காகவோ, வந்தாள்.

ரேடியோ திரையை அணைத்து வைத்திருந்தான். ஹெட்போன் இல்லை, சுருதியை மட்டும் சின்ன ஸ்பீக்கரில் மெல்ல ஓடவிட்டான். அக்கா மைக் முன் நின்றாள். "ம்" என்று தொண்டையைக் கனைத்தாள். அந்தக் கனைப்பே அறையில் அழகாக விழுந்தது. அவன் பதிவுப் பொத்தானை அழுத்தினான்.

அவள் வாயைத் திறந்து, பின் மூடிக்கொண்டாள்.

"கோடு எங்கடா?"

"வேணாம்க்கா. சும்மா பாடு."

"அது இல்லாம எனக்கு எப்படித் தெரியும்?"

"உனக்குத் தெரியும்க்கா. ஸ்டூல் மேல நின்னு பாடினியே, அந்த மாதிரி."

"எப்ப?" என்றாள். அவளுக்கு உண்மையிலேயே நினைவில்லை. "போட்டுவிடு. பயமா இருக்கு."

போட்டான். சாம்பல் கட்டங்கள் வந்தன. அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சற்றுக் குனிந்து, பாட ஆரம்பித்தாள். சாக்பீஸ் கோட்டின் மேல் தையல் போடுகிறவளின் கவனம். பச்சை சாம்பலின் மேல் ஏறியது. நழுவப் பார்த்த இடத்தில் அவள் இழுத்துப் பிடித்தாள். அடுத்த எழுத்து வரும்வரை காத்திருந்து, வந்ததும் அதன்மேல் குரலை வைத்தாள். ஒரு ஸ்வரம் பிசகவில்லை. எந்தக் குழந்தையும் அதைக் கேட்டுத் தூங்காது. நீளமான இழுப்பு இல்லை. மூலையில் அந்தச் சின்ன வளைவும் இல்லை.

முடித்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். முகம் மலர்ந்திருந்தது.

"சரியா இருக்குல்ல?"

அவன் திரையைப் பார்த்தான். பச்சையும் சாம்பலும் கச்சிதமாகப் பொருந்தியிருந்தன.

"சரியா இருக்குக்கா."

"மூணாவது வரியில மட்டும் கொஞ்சம் நடுங்குச்சு, இல்ல? பாத்தேன். இரு, இன்னொரு தடவை பாடறேன்."

ரேடியோ முதல் பதிவை அழிக்காமல், புதிதாக ஒன்றைத் திறந்தான்.

"பாடுக்கா," என்றான்.